களப்புக்கு முதுகு காட்டி நின்றவன்

"ஹாஜியார், எந்தப் பக்கம் நோக்கம்?"

மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தமே எனக்குக் கேட்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் எனக்குக் காதும் சேர்ந்து அடைத்துவிடும். திடுக்கிட்டுத் திரும்பியதில் ஒரு செருப்பு கழன்று களப்புக் கட்டின் சரிவில் உருண்டு சேற்றில் போய் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த உள்ளான் குருவிக் கூட்டம் 'கிர்'ரென்று எழும்பிப் போய்விட்டது.

கேட்டவர் கபூர். எங்கள் நிந்தவூரில் காணித் தரகர். எந்த வளவு யாருடையது, அதில் யாருக்கு யாரோடு கோபம், எந்தக் கோபம் எப்போது ஆறும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

கோடை முடிகிற காலம். சிறுபோக நெல் வெட்டு முடிந்து வயல் வட்டை முழுக்க வெறும் தாளடியாகக் கிடந்தது. கச்சான் காற்று ஓயவில்லை. கடலோரக் களப்பின் உவர்த் தண்ணீர் வற்றி உள்ளுக்குப் போய், கரையோரம் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. அந்தச் சேற்றின் நாற்றத்தை ஊரில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பார்கள். நான் ஒருவன்தான் அதை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டு நிற்பேன்.

"குருவி பாக்கிறன் கபூர்" என்றேன்.

நல்ல பகிடியைக் கேட்டவர்போல் சிரித்தார். "ஓம் ஓம், குருவிதான். என்னட்டயே ஒளிக்கிறீங்க பாத்தீங்களா? வீட்ட கொமரு இரிக்கி. கையில பைனாகுலர் இரிக்கி. வெள்ளன எழும்பி வந்து களப்பப் பாத்துக்கு நிக்கிறீங்க. குருவியாம்!"

கொமரு என்றால் கல்யாண வயதில் இருக்கும் பெண். அந்த ஒரு சொல்லுக்குள் எங்கள் ஊரில் ஒரு தகப்பனின் முழு விலாசமும் அடங்கிவிடும்.

நான் செருப்பை எடுக்கச் சேற்றில் இறங்கினேன். கபூர் கையை நெற்றியில் வைத்து, என் பைனாகுலர் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையைக் கூர்ந்து பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். களப்பங்கரையின் தலையெழுத்து அன்றைக்கு மாறியது. அதை மாற்றியவன் ஒற்றைச் செருப்போடு முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தான்.

சீனி காட்டிய வழி

கல்முனைக் கடைத்தெருவில் நான் நடத்திய புடவைக்கடையைப் பற்றி இந்தத் தொடரில் வாசகர்கள் கொட்டாவி விடும்வரை எழுதிவிட்டேன். கடையை மருமகன் முறையான ஒருவனிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தபின் நடந்ததுதான் இது.

உட்கார்ந்த உடனே சீனி வியாதி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. டொக்டர் நடக்கச் சொன்னார். பிரதான வீதியில் நடந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஊருக்குத் துணி விற்றவன் வீதியில் நடக்க முடியுமா? பத்து அடிக்கு ஒருவர் ஸலாம் சொன்னார். ஸலாம் சொன்னவர்கள் தேநீர்க் கடைக்குள் இழுத்தார்கள். நான் நடந்த மாதம் சீனி முன்னைவிட ஏறியது.

"நடக்கிறீங்களா, இல்ல தின்றீங்களா?" என்று டொக்டர் கேட்டார். அதற்குப் பிறகுதான் மனிதர் வராத இடமாகத் தேடிக் களப்புக் கட்டுக்குப் போனேன்.

பைனாகுலர் வந்த கதை இன்னும் கேவலம். மூத்த மருமகன் தோஹாவிலிருந்து வரும்போது எனக்கு அத்தர் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அவர் அத்தரை மறந்துவிட்டு, விமான நிலையத்தில் கண்ணில் பட்டதை வாங்கிவந்துவிட்டார். சும்மா கிடக்கிறதே என்று கழுத்தில் மாட்டினேன். ஆகவே ஐயா, இயற்கையின்மீது எனக்கிருந்த ஆழ்ந்த காதல் என்பது, மனிதர்களுக்குப் பயந்ததும் மருமகனின் மறதியும் சேர்ந்து பெற்ற பிள்ளை.

துணிக்காரன் கண் கூரானது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வெள்ளையிலேயே பால் வெள்ளை, முட்டை வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை என்று மெழுகுதிரி வெளிச்சத்தில்கூடப் பிரித்துச் சொல்வேன். களப்பில் இறங்கிய உள்ளான்கள் அந்தக் கர்வத்தை ஒரே காலையில் முடித்துவைத்தன. அத்தனையும் மண் கலர். பெரிய மண் கலர், சின்ன மண் கலர், ஓடுகிற மண் கலர். இளைய மகள் ஹஸ்னா ஒரு பறவைப் புத்தகம் வாங்கித் தந்தாள். புத்தகத்தில் இருக்கும் குருவி, தேசிய அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்ததுபோல் அடக்கமாக நிற்கிறது. களப்பில் இருக்கும் குருவி பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது.

ஒருநாள் களப்பு நடுவில் அசையாமல் நின்ற நாரை ஒன்றைக் கண்டேன். எத்தனை பொறுமை! வீட்டுக்கு வந்து அதன் பொறுமையைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்கு உபதேசம் செய்தேன். மறுநாளும் அது அங்கேயே நின்றது. அடுத்த நாள் ஒருவர் வந்து அதில் தோணியைக் கட்டினார்.

ஆனால் ஒரு குருவி மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஆவணி மாதத்துக் கடைசியில் வரும். அலகு சிறிது வளைந்திருக்கும். உடம்பு மண் கலர்தான், ஆனால் நெஞ்சிலும் வயிற்றிலும் திட்டுத்திட்டாகச் செங்கல் சிவப்பு. முதல் தடவை பார்த்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது: இது சாயம் போன துணி! நல்ல சிவப்பாக இருந்தது, பாதி வெளுத்துவிட்டது. இப்படித் துணியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்த பெண்கள் எத்தனை பேரை நான் கடையில் சமாளித்திருக்கிறேன்!

புத்தகமும் அதைத்தான் சொன்னது. ரஷ்யாவின் வடகோடியில் பனி உருகும் கொஞ்ச நாளில் இது சிவப்பு உடுத்திக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்குமாம். பிறகு புறப்பட்டுச் சாயம் வெளுக்க வெளுக்கப் பறந்து வருமாம். என் உள்ளங்கையில் அடங்கிவிடும் உடம்பு. அது அங்கிருந்து பறந்து வந்து, எங்கள் ஊர்ச் சேற்றில் அலகை விட்டுக் காலை உணவு தின்கிறது. நான் கல்முனைக்குப் போய்வந்தாலே மத்தியானம் படுத்துத் தூங்குகிறவன். அந்தக் குருவியைப் பார்த்த நாளிலிருந்து நடப்பதற்காக நான் களப்புக்குப் போகவில்லை.

பெட்டியோடு வந்த மாப்பிள்ளைகள்

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் கரையில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். நானும் அட்டாளைச்சேனையில் பிறந்து, ஒரு சூட்கேசோடு நிந்தவூருக்கு வந்தவன்தான். அந்தச் சூட்கேசை வைக்க எந்த மூலை என்பதையும் மாமியார்தான் காட்டினார்.

ஒருநாள் பறவைகள் எவ்வளவு தூரம் வருகின்றன என்று மனைவி ஜெஸீமாவிடம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டே, "நீங்களும்தான் வந்தீங்க. வந்த குருவி திரும்பிப் போகுதாம். நீங்க போகல்லியே" என்றாள்.

மூத்த மகள் ரிஸ்னாவின் கல்யாணத்தோடு நாங்கள் இருந்த வீட்டை அவள் பெயருக்கு எழுதிக்கொடுத்தோம். அதுதான் முறை. அதன்பிறகு நானும் ஜெஸீமாவும் ஹஸ்னாவும் பின்பக்கத்து அறைகளுக்கு ஒதுங்கிவிட்டோம். ரிஸ்னா தங்கமான பிள்ளை, ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஹஸ்னா, விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர், தான் பிறந்து வளர்ந்த வீட்டில் சுவரில் ஒரு ஆணி அடிப்பதென்றால் ராத்தா ரிஸ்னாவிடம் கேட்டுவிட்டுத்தான் அடிப்பாள். அவளுடைய புத்தகங்கள் எப்போதும் பெட்டிகளிலேயே இருந்தன.

அவளுக்கு அக்கரைப்பற்றிலிருந்து ஒரு சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை நல்ல பையன், ஹஸ்னாவுக்கும் சம்மதம். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: வீடு முடிந்ததும் நிக்காஹ். வீடு கட்ட எங்களிடம் ஒரே ஒரு காணிதான் இருந்தது. ஜெஸீமாவுக்கு அவளுடைய உம்மா வழியில் வந்தது. ஒரு காலத்தில் வயல். களப்பு உவர் ஏறியதால் கைவிட்டு, மழைக்குத் தண்ணீரும் கோடைக்குச் சேறுமாகக் கிடந்தது. அதை நிரப்பித்தான் கட்ட வேண்டும். மாரி மழை தொடங்கினால் டிப்பர் இறங்காது. கோடை முடிவதற்குள் மண் கொட்டியாக வேண்டும்.

அந்தக் காணி எது என்று இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும். அத்தனை பெரிய களப்பைச் சுற்றி எத்தனையோ சேறு கிடக்க, சாயம் போன சிவப்புக் குருவிகள் இறங்கித் தின்றது ஜெஸீமாவின் காணியில். டிப்பருக்கும் குருவிக்கும் அதே மாதம், அதே சேறு. இரண்டையும் ஒரே காணியில் சந்திக்கவைத்துவிட்டு, நடுவில் கழுத்தில் பைனாகுலரோடு என்னை நிறுத்திவைத்திருந்தான் அல்லாஹ்.

நோக்கம் பிடித்த கதை

கபூர் போன மறுநாள் காலையில் களப்புக் கட்டின்மேல் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், மற்றவருக்கு நாலு. களப்பைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி களப்பைப் பார்த்தார்கள்.

அடுத்தடுத்த நாட்களில் கூட்டம் கூடியது. நான் பைனாகுலரை இடப்பக்கம் திருப்பினால் எல்லாத் தலைகளும் இடப்பக்கம் திரும்பின. ஒரு ஆக்காட்டிக் குருவி கத்தியதென்று வலப்பக்கம் திரும்பினேன். "அங்காலயும் எடுக்கப் போறாரு" என்று யாரோ மெல்லச் சொன்னது கேட்டது.

எங்கள் ஊர்களில் கடலுக்கும் வீதிக்கும் நடுவில் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிறது. பெண் பிள்ளை பெற்றவன் வெறுநிலத்தைக் கண்டால் மனசுக்குள் அங்கே ஒரு குசினி, ஒரு மண்டபம், மூன்று அறை கட்டிப் பார்ப்பான். கல்முனைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்தவன், வீட்டில் கொமரு இருக்கிறவன், ஒவ்வொரு நாளும் காலையில் வந்து களப்பைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறான். அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது! கார்ப்பெட் போட்ட தார் ரோட்டு வரப்போகிறது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரி வரப்போகிறது என்றார்கள்.

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். "வல்லாஹி, நான் குருவிதான் பாக்கிறன்." சத்தியம் வேறு செய்துவிட்டேனா, அதோடு சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு மனிதன் சத்தியம் செய்வானா?

முதல் டிப்பர், எங்கள் காணிக்குப் பக்கத்துக் காணியில் இறங்கியது. அதைப் புதிதாக வாங்கியிருந்தவர் ஆதம்லெவ்வை, என் பழைய வாடிக்கையாளர். பெருநாளுக்குப் பெருநாள் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் ஒரே துணியில் வெட்டி வாங்கிக்கொண்டு போகிறவர். கிறவல் மண் குவிந்து கிடந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு குருவி இல்லை. நேரே அவரிடம் போனேன்.

"என்ன ஆதம்லெவ்வை இது? இந்தச் சேத்துல போய் மண்ணக் கொட்டுறீங்க?"

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "நீங்க காட்டித் தந்ததுதானே ஹாஜியார்! நீங்க பாக்காட்டி இது எனக்கெங்க தெரியப் போகுது? மூத்தவளுக்கு ஒரு வழி பொறந்துட்டு. உங்களுக்கு ஒவ்வொரு வக்து தொழுகையிலயும் துஆக் கேக்கிறன்."

அவர் துஆக் கேட்கிறார், நான் எப்படித் திட்டுவேன்? "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் பைனாகுலரை உறையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பறவைகளைக் காப்பாற்ற ஊரில் ஒரு மனிதன் கிளம்பினான். அவன் பார்த்த இடமெல்லாம் மண்மேடாகிக்கொண்டிருந்தது.

இன்னும் சேறு காயவில்லை

வீட்டில் ஜெஸீமா ஒவ்வொரு நாளும் கேட்டாள். "இஞ்சேருங்க, டிப்பருக்குச் சொன்னீங்களா?"

சேறு இன்னும் காயவில்லை என்றேன். கிறவல் தரமில்லை என்றேன். டிரைவருக்குக் காய்ச்சல் என்றேன். அந்த டிரைவரை அன்று பின்னேரமே மீன் சந்தையில் அவள் சுகமாகக் கண்டுவிட்டாள்.

"ஆதம்லெவ்வைர காணில சேறு காஞ்சிட்டு. வரம்புக்கு இஞ்சால எங்கட காணில காயல்லியா?"

அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்தாள். வாழ்க்கை முழுவதும் சேர்ந்து வாழ்ந்தவளிடம் முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

"யா அல்லாஹ்! குருவிக்காகவா?"

சத்தம் கேட்டு ரிஸ்னா எட்டிப் பார்த்தாள், பேரப்பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஹஸ்னா மட்டும் தன் அறையிலிருந்து வரவில்லை. அன்றிரவு அவள் என்னோடு கதைக்கவும் இல்லை. நான் தொழுதுவிட்டுப் படுத்தேன். மகளுடைய வாழ்க்கையைச் சேற்றில் நிறுத்திவைத்திருக்கிறோம் என்று நெஞ்சு சொன்னது. அதே நெஞ்சு, நாளைக் காலையில் குருவிகள் வந்திருக்குமா என்றும் கேட்டது. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

பாடசாலை விடுமுறை. காலையில் செருப்பைப் போடும்போது ஹஸ்னா பின்னால் வந்து நின்றாள். "நானும் வாறன் வாப்பா."

களப்புக் கட்டின்மேல் நின்று பைனாகுலரை அவளிடம் கொடுத்தேன். எங்கள் காணியில் அவை நின்றன. அலகைத் தையல் மெஷின் ஊசிபோலச் சேற்றில் குத்திக்குத்தி நடந்தன. வெயில் சாய்வாக விழுந்ததில் நெஞ்சுச் சிவப்பு நன்றாகத் தெரிந்தது. ஹஸ்னா நெடுநேரம் பார்த்தாள். நான் வாயை மூட மாட்டாமல் ரஷ்யா, பனி, சாயம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வடிவா இரிக்கி வாப்பா" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு பைனாகுலரை இறக்கி என் கையில் வைத்தாள்.

"இதுகளுக்கு அங்க ஒரு கூடு இரிக்கி. இஞ்ச ஒரு சேறு இரிக்கி. எனக்கு ரெண்டும் இல்ல வாப்பா. நான் ராத்தாட வீட்டுல பொட்டிக்குள்ள சாமான வெச்சித்து இரிக்கன்."

அழவில்லை, கோபப்படவில்லை. வகுப்பில் பாடம் சொல்கிற குரலில் சொன்னாள். கடையில் எந்தத் துணிக்கும் எந்தக் குறைக்கும் ஒரு பதில் வைத்திருந்தவன் நான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

கொட்டு

மறுநாள் டிப்பர் வந்தது. நானே வரச் சொன்னேன்.

டிரைவர் பின்பக்கத்தைக் காணிக்குத் திருப்பி நிறுத்திவிட்டு, "கொட்டட்டா ஹாஜியார்?" என்றார். குருவிகள் காணியின் அந்தக் கடைசித் தொங்கலில் நின்றன. டிப்பருக்குப் பழகியவைபோல அசையவில்லை.

"கொட்டு" என்றேன்.

பெட்டி எழும்பிக் கிறவல் சரிந்த சத்தத்தில் எல்லாம் ஒரே வீச்சாக எழும்பின. வானத்தில் ஒரு முறை வளைந்தன. சிறகின் உள்பக்க வெள்ளை ஒரு கணம் மின்னியது, பிறகு கறுப்பாகத் திரும்பின. கொஞ்சம் தள்ளி, களப்பின் உள்பக்கத்தில் மிச்சமிருந்த சேற்றில் இறங்கின. நான் அழுதேன். கிறவல் தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று டிரைவரிடம் சொன்னேன். காற்று அந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் கபூர் வந்தார். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே, "மாஷா அல்லாஹ், தொடங்கிட்டீங்க. அடுத்தது எந்தப் பக்கம் நோக்கம்?" என்றார்.

கை தானாகப் பைனாகுலரைத் தூக்கியது. குருவிகள் போய் இறங்கிய சேற்றை நோக்கித் தூக்கியது. கண்ணுக்கு வைக்கப் போனவன், பக்கவாட்டில் கபூரைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பைனாகுலரின் வாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதையே கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பார்த்தால் அந்தச் சேறும் போய்விடும்.

மெதுவாகத் திரும்பினேன். களப்புக்கு முதுகைக் காட்டினேன். எதிரே, வீதிப் பக்கமாக ஒரு மணற்பிட்டி கிடந்தது. மேட்டு நிலம். நாலு பனை, சில ஆடுகள், கொஞ்சம் நாயுருவி. ஒரு குருவி கிடையாது. பைனாகுலரை வைத்து அதைப் பார்த்தேன். பார்த்தால் போதுமா? நெற்றியைச் சுருக்கினேன். இடமிருந்து வலம் அளந்தேன். "ம்ம்" என்று தலையை ஆட்டினேன். ஒரு ஆடு வாயை அசைத்துக்கொண்டு என்னைத் திருப்பிப் பார்த்தது.

"அதுவா!" என்றார் கபூர் குரலைத் தாழ்த்தி. மோட்டார் சைக்கிள் பறந்தது.

அந்த மணற்பிட்டி உண்மையில் நல்ல காணி. வெள்ளம் ஏறாது, மண் நிரப்ப வேண்டாம். இதுவரை யாரும் ஏன் எடுக்கவில்லை? யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஹஸ்னாவுக்கே அதை வாங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். ஜெஸீமாவும் கேட்டாள். எனக்குப் புத்தி எப்போதும் ஒரு டிப்பர் பிந்தித்தான் வரும்.

இந்தக் கோடை

இப்போது மறுபடியும் கோடை முடிகிறது. நான் ஒவ்வொரு நாளும் காலையில் களப்புக் கட்டுக்குப் போகிறேன். போய், களப்புக்கு முதுகைக் காட்டி நின்று, மணற்பிட்டியைப் பைனாகுலர் வைத்துப் பார்க்கிறேன். பனைகளில் இரண்டுதான் மிச்சம். பிட்டி முழுக்க அத்திவாரங்களும் கூரைகளும் வந்துவிட்டன. ஆடுகள் எங்கே போயினவோ தெரியாது. களப்பங்கரைக்கு இந்த வருடம் ஒரு டிப்பரும் வரவில்லை. அங்கே இப்போது யாருக்கும் நோக்கம் இல்லை.

பின்னால் குருவிகள் வந்து இறங்கும் சத்தம் கேட்கும். மெல்லிய குரல், ஒன்றையொன்று கூப்பிடுகிற மாதிரி. கழுத்து திரும்பப் பார்க்கும், இழுத்துப் பிடித்துக்கொள்வேன். பறவை பார்ப்பவன் ஒருவன் பருவம் முழுக்கக் களப்புக் கட்டுக்கு வந்தும் அங்கே ஒரு பறவையைக்கூடப் பார்க்கவில்லை. இப்படி ஒரு ஆள் வேறெங்கும் இருக்க மாட்டான்.

ஹஸ்னா நிக்காஹ் முடிந்து புது வீட்டுக்குக் குடிபோய்ச் சில மாதமாகிறது. மருமகனும் சூட்கேசோடு வந்து சேர்ந்துவிட்டார். முன்பக்கமும் இரண்டு பக்கமும் எங்கள் ஊர் வழக்கப்படி ஆள் உயரத்துக்கு மதில் எழும்பியது. பின்பக்கம், களப்புப் பக்கத்துக்குக் கல் இறக்கியபோது ஹஸ்னா மேசனைத் தடுத்துவிட்டாள். பெரிய கதை ஆகிவிட்டது. மருமகனின் உம்மா அக்கரைப்பற்றிலிருந்து வந்து, "பொம்புளயள் புழங்கிற வீட்டுக்குப் பின்மதில் இல்லாம எப்பிடிப் புள்ள?" என்று கேட்டார். ஜெஸீமாவும் அதையே சொன்னாள். ஹஸ்னா யாருக்கும் காரணம் சொல்லவில்லை. இறக்கிய கல்லை முன்பக்கத்துப் படிக்குப் போடவைத்துவிட்டாள். என்ன பிடிவாதம் இது என்று நானும் சேர்ந்து அவளை ஏசினேன்.

போன வாரம் அஸர் தொழுதுவிட்டு வீதியால் வரும்போது அவளுடைய போன் வந்தது. "வாப்பா, ஒருக்கா வந்துட்டுப் போங்க. பைனாகுலரையும் கொண்டு வாங்க."

போனேன். குசினிக்குள்ளால் கூட்டிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்தாள். கதவுக்குள், நிழலில், ஒரு கதிரை போட்டிருந்தாள். பக்கத்து ஸ்டூலில் சீனி போடாத பிளேன்டீ. மதில் இல்லாத பின்வளவு நேரே களப்பில் போய் முடிந்தது. வெயில் சாய்ந்து சேறு மின்னியது.

"இஞ்ச இருந்து பாருங்க. கட்டுல நிண்டாத்தானே எல்லாரும் காணுற. இஞ்ச இருந்தா ஆரும் காணமாட்டாங்க."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். களப்புக் கட்டின்மேல் நான் எதற்காக முதுகைக் காட்டி நிற்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் நான் சொன்னதில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். உள்ளே சுவரில் எதற்கோ ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தேன். வந்திருந்தன. வளைந்த அலகு, நெஞ்சில் வெளுத்த சிவப்பு. போன வருடத்தைவிடக் குறைவாகத்தான் தெரிந்தன. முன்பு அவை நின்று தின்ற இடத்தில் நான் கதிரை போட்டு உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். அவை கொஞ்சம் தள்ளி நின்றன.